இருபது எண்ணும்வரை

ஜூன் 7, சனி

அக்கா வந்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு வருகிறவள் முன்கூட்டி ஒரு தகவல் சொல்லக் கூடாதா? பத்தரை மணிக்கு அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், காத்திருக்கிறவர்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில், மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. நாசரேத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்துப் பாளையங்கோட்டை வரை அந்தக் கன்னத்தோடு வந்திருக்கிறாள். பெயர்ச் சீட்டில் "பியூலா, வயது 61, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை" என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். டாக்டருக்கு என்ன உறவு என்று அந்தச் சீட்டில் ஒரு கட்டம் இல்லை, நல்ல வேளை.

என்னோடு பேசவில்லை. என் உதவியாளர் லூர்தம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள். நான் இரண்டடி தூரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"எம்மா, உங்க டாக்டர்ட்ட சொல்லுங்க. நாலு நாளா தூக்கமில்ல. எங்க ஊரு டாக்டர் புடுங்கணும்னுட்டாரு. எனக்குப் புடுங்க இஷ்டமில்ல."

நானும் சளைக்கவில்லை. "லூர்தம்மா, அவங்ககிட்ட சொல்லுங்க. எக்ஸ்ரே பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்னு."

லூர்தம்மாள் என்னிடம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். சண்டை தெரியும், சண்டைக்குக் காரணமும் தெரியும். இரண்டு பேர் சொன்னதையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிச் சொன்னாள். சிரிப்பை அடக்கியிருப்பாள், எனக்குத் தெரியும்.

கீழ் இடது கடைவாய்ப் பல். வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. காப்பாற்றக்கூடிய பல்தான். மேலே துளை போட்டுத் திறந்ததும் சீழ் இறங்கிற்று, வலியும் பாதி இறங்கிற்று. ரூட் கெனால் செய்ய வேண்டும், இன்னும் இரண்டு தடவை வர வேண்டும் என்று லூர்தம்மாள் மூலமாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். மத்தியானம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவும் நினைத்தேன். அதையெல்லாம் லூர்தம்மாள் மூலமாகச் சொல்ல முடியாது.

ஜூன் 9, திங்கள்

கம்ப்ரஸர் பெல்ட் அறுந்து காலை வேலை முழுக்கக் கெட்டது. சீழ் எடுத்தவர்களை அடுத்த வேலை நாளில் போனில் விசாரிப்பது வழக்கம், அதனால்தான் லூர்தம்மாளை நாசரேத்துக்குப் போன் போடச் சொன்னேன். "வீக்கம் வத்திட்டுன்னு டாக்டர்ட்ட சொல்லச் சொன்னாவ" என்றாள். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூன் 14, சனி

இன்று வேர்களைச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். பேஷண்ட் கார்டில் எழுத முடியாத விஷயம்.

அக்காவின் பல்லுக்கு மூன்று கால்வாய். முன் வேரில் இரண்டு, பின் வேரில் ஒன்று. முன் வேரின் இரண்டு கால்வாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு இருக்கிறது. அழுக்கெல்லாம் பதுங்குவது அங்கேதான். மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் சுரண்டினால் கால்வாயின் நடுப்பகுதி சுத்தமாகும், இடுக்குக்குள் ஊசி போகாது. மருந்துத் தண்ணீரை ஊற்றினால் அதுவும் மேலேயே நின்றுவிடும். அதனால் அந்தத் தண்ணீருக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை இறக்கி, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர வைக்கிறோம். அல்ட்ராசோனிக் என்று பெயர். கழுத்து குறுகிய பாட்டிலுக்குள் விரல் போகாதபோது தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறோமே, அதே வேலைதான். இருபது வினாடி அதிர்வு, கலங்கிய தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் புதுத் தண்ணீர், மறுபடி இருபது வினாடி. ஒரு கால்வாய்க்கு மூன்று தடவை. மூன்று கால்வாய்க்கு ஒன்பது.

மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடாமல் இருக்க வாயை ரப்பர் ஷீட்டால் மூடி, பல்லை மட்டும் வெளியே தெரிய விடுவேன். அக்காவின் வாயை மூடி முடித்து நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவளால் இப்போது பேச முடியாது. எழுந்து போகவும் முடியாது. முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே வாய் மூட வைத்தவள்.

கம்பியை இறக்கினேன். லூர்தம்மாள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

"லூர்தம்மா, ஜெருஷா மகளுக்கு வர்ற மாசம் மூணு வயசாவுது" என்றேன்.

ஜெருஷா அக்காவின் மகள், அவளோடும் அக்காவுக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. எண்ணிக்கொண்டிருப்பவளால் பதில் சொல்ல முடியாதே. நானே தொடர்ந்தேன். "நிலானின்னு பேரு. எதைக் கேட்டாலும் இடுப்புல கைய வச்சிக்கிட்டுத்தான் பதில் சொல்லுவாளாம்." இருபது. நிறுத்தினேன். உறிஞ்சினேன். தண்ணீர் பால் மாதிரி கலங்கி வந்தது.

கம்பி சுவரில் படக் கூடாது, அதனால் என் கண் பல்லை விட்டு நகரக் கூடாது. அவள் கண் விளக்கில் இருந்திருக்கும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருப்பதற்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. இரண்டாவது இருபதில் ஜெருஷாவின் ஓசூர் வீட்டைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவதில் ஜெருஷாவுக்கு வேலையில் உயர்வு கிடைத்ததை. இப்படி ஒன்பது துண்டு.

ஒன்பதும் முடிந்து கருவியை அணைத்தபோது அக்கா இடது கையைத் தூக்கினாள். வலித்தால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பதறிப்போய் "எங்க வலிக்கு?" என்று கேட்டேன். அவள் விரல், அணைத்த கருவியைக் காட்டிற்று, மறுபடி போடு என்பது போல. கொஞ்சம் கழித்துக் கையை மடியில் இறக்கிவிட்டாள்.

சுண்ணாம்பு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். மாடியில் என் வீட்டில் இரண்டு பேருக்கு வடித்த சோறும் நெத்திலிக் குழம்பும் லூர்தம்மாள் வீட்டுக்குப் போயின.

ஜூன் 15, ஞாயிறு

ஜெருஷா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். இன்று முக்கால் மணி நேரம். நிலானி போனை வாங்கி "ஹெப்சிப் பாட்டி" என்றாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான், இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

கடைசியில் எப்போதும் போல, "அம்மா எப்பிடி இருக்காவன்னு யாராவது சொன்னாங்களா சித்தி?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாளாம் என்றேன். நேற்று என் நாற்காலியில் இருந்தாள் என்று சொல்லவில்லை. சிகிச்சை முடியட்டும், நோயாளி விஷயத்தை வெளியே சொல்வது முறையில்லை.

ஜூன் 28, சனி

மூன்றாவது தடவை. வீக்கம் இல்லை, தட்டினால் வலி இல்லை. ஒன்பது முறை அலசினேன். நான்காவதிலிருந்தே தண்ணீர் தெளிந்துதான் வந்தது.

இன்று வேர்களை நிரப்பி மூடியிருக்கலாம். ஆனாலும் அந்த இடுக்கு எனக்குத் திருப்தியில்லை. இன்னொரு தடவை மருந்து வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றிற்று. "ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க லூர்தம்மா."

"சரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, லூர்தம்மாள் வாயைத் திறக்கும் முன்பே.

இன்று சொன்னது கல்யாணத்துப் புடவை பற்றி. ஜெருஷா பதிவு அலுவலகத்துக்குத் தன் அம்மாவின் பழைய மாம்பழ நிறப் பட்டைத்தான் உடுத்தி வந்தாள். எடுத்துக்கொண்டு போனது அக்காவுக்குத் தெரியாது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ரப்பர் ஷீட் மேலும் கீழும் ஏறி இறங்கிற்று. மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்து நிமிர்ந்தேன். அக்காவின் காதோரம் ஈரமாக இருந்தது. லூர்தம்மாள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

ஏன் சண்டை என்று இந்த டைரியில் எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

அத்தான் இறந்த பிறகு அக்கா ஒற்றை ஆளாக ஜெருஷாவை வளர்த்தாள். ஜெருஷா வேறு சாதியில், வேறு மதத்தில் ஒரு பையனைக் கட்ட நினைத்தாள். இளம்பரிதி, நல்ல பையன். அக்கா முடியவே முடியாது என்றாள். ஜெருஷா என்னிடம் வந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். அன்று சாயங்காலமே நாசரேத்துக்குப் போய் நானே சொன்னேன், மற்றவர்கள் வாயால் தெரியக் கூடாது என்று. அக்கா கத்தவில்லை. "உனக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்தப் பேச்சு ஆறு வருடமாக ஆறவில்லை. அது முழுக்கப் பொய்யும் இல்லை என்பதால் ஆறவில்லை. ஜெருஷா என்னிடம் வந்த அன்று எனக்கு வருத்தம் மட்டுமா இருந்தது? என்னிடம் வந்தாளே என்று சந்தோஷமும் இருந்தது.

ஜூலை 12, சனி

அக்காவுக்கு வலி இருக்கிறதாம். பல்லைக் கருவியின் காம்பால் தட்டினேன், "வலிக்கு" என்றாள். பக்கத்துப் பல்லைத் தட்டினேன், "வலிக்கு." எதிர்ப் பக்கம் நல்ல பல்லைத் தட்டுவதற்குக் கையைக் கொண்டுபோனேன், படுவதற்கு முன்பே "வலிக்கு."

வலி இப்படி இடம் மாறித் தெரிவது உண்டு. கார்டில் குறித்துக்கொண்டேன். ஒன்பது முறை அலசினேன். லூர்தம்மாள் வரவர மெதுவாக எண்ணுகிறாள். பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் ஒரு கதையே சொல்லி முடித்துவிட்டேன். வேகமாக எண்ணச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெருஷா அழுதாள். சுதந்திர தின விடுமுறையோடு நாலு நாள் சேர்ந்து வருகிறதாம், நிலானியைக் கூட்டிக்கொண்டு நாசரேத் போகட்டுமா என்று கேட்டாள். "கதவத் தொறக்கலன்னா திரும்பி வந்திருதேன் சித்தி. வாசல்ல நின்னுட்டாவது வாரேன்."

இப்போது வேண்டாம் என்றேன். அக்காவுக்கு உடம்புக்குக் கொஞ்சம் சுகமில்லை, நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றேன். சிகிச்சை நடுவில் மனசு அலைக்கழியக் கூடாது.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பல் வைத்தியம் செய்கிறவர்கள் யாரும் இப்படி ஒரு காரணத்தைச் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 26, சனி

ஐந்தாவது தடவை. அக்கா ரயில் விட்டு இறங்கி நடந்து வந்ததில் வேர்த்துப் போயிருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், நேரடியாக, கையில். வாங்கிக்கொண்டாள். அதற்கு லூர்தம்மாள் தேவைப்படவில்லை.

அவள் போன பிறகு லூர்தம்மாள் கருவிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "டாக்டரம்மா, அந்தப் பல்லுல அலச இன்னும் என்ன இருக்கு?"

"இடுக்குல இருக்கும்."

"மத்தவங்களுக்கு ரெண்டு தடவையில முடிச்சிருவிய. உள்ள தோண்டுன பல்லு, கேப் போடாம இவ்வளவு நாள் விட்டா ஒடஞ்சிராதா? நீங்கதான் எனக்குச் சொல்லித் தந்திய."

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். ஆனால் கேட்ட கேள்வியை அவள் திரும்பப் பெறவில்லை.

அடுத்த தடவை கட்டாயம் நிரப்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 2, சனி

இந்தச் சனிக்கிழமை அக்காவின் முறை இல்லை. இருந்தாலும் ரயில் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா வரவில்லை. ஊர்க் கோயிலில் அசனமாம், ஆயிரம் பேர் சாப்பாடு, மேற்பார்வை அவள்தான். காலையில் லூர்தம்மாளுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். பந்தி விசாரிப்பில் நின்றால் அக்காவுக்கு உலகமே மறந்துவிடும்.

எனக்கு நாள் முழுக்க எரிச்சல். ஒரு சின்னப் பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்றான், அவன் அம்மாவைப் போய்த் திட்டினேன். மாடிக்கு வந்து பார்த்தால் இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட அவளைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான், சுற்றி வளைக்காமல் எழுதினால் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெருஷா விடுமுறையை ஓசூரிலேயே கழித்துவிட்டாள். "நேரம் பாத்துச் சொல்லுதேன்னிய சித்தி" என்றாள். அடுத்த தடவை என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். லூர்தம்மாள் கேட்டுவிட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "சோத்துல ஒரு சின்னக் கல்லு கடிபட்டுச்சாம். பல்லு ரெண்டாப் பொளந்துட்டாம்."

நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னேன். உண்மையில் பிளந்ததா, தற்காலிக அடைப்பு மட்டும் பெயர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அடைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அடைப்பு இல்லை. பல்லின் நேர் நடுவில், வேர் பிரிகிற இடத்தையும் தாண்டிப் பிளவு. இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடின. ஒட்ட வைக்க எந்த வழியும் இல்லை.

லூர்தம்மாளை வெளியே போகச் சொன்னேன். அவள் போனதும் அறையில் எங்கள் நடுவில் யாரும் இல்லை.

"அக்கா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "பல்ல எடுத்துரணும். இது ஜூன் மாசமே சுத்தமாயிட்டு. அன்னைக்கே நிரப்பி கேப் போட்டிருந்தா ஒடஞ்சிருக்காது. நான்தான் இழுத்தடிச்சேன். என் தப்பு."

அக்கா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஜூன் மாசமே வலி நின்னுட்டு" என்றாள்.

"பெறகு எதுக்கு வலிக்குன்னு சொன்னே?"

"நீ எதுக்கு அலசுனே?"

 ஊசி போட்டேன். மரத்துப் போகக் காத்திருந்தோம். பிடுங்க இஷ்டமில்லை என்று முதல் நாள் வந்தவளின் பல்லை இரண்டு துண்டாக எடுத்து வெளியே வைத்தேன்.  துணி மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கடித்தபடியே இருக்க வேண்டும், பேசக் கூடாது, துப்பக் கூடாது.

இனி அவள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. அது ஒரு பக்கம். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருந்தது. அவளால் பேச முடியாத நேரம் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வரும் போலிருக்கிறது.

"ஜெருஷா வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு. வாசல்ல நின்னுட்டாவது போறேன்னு அழுதா. நான்தான் வேண்டாம்னேன். நீ இங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு அவகிட்ட சொல்லவே இல்ல."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். விரலை வாய்க்குள் விட்டுத் துணியை எடுத்தாள்.

"எடுக்காதக்கா, ரத்தம் வரும்."

"வரட்டும்." மரத்த உதட்டால் குழறிக் குழறித்தான் பேச முடிந்தது, ஆனால் தலைமையாசிரியையின் பார்வை மரக்கவில்லை. "எம்பிள்ளைய உம்பிள்ளையா வச்சுக்கிடலாம்னு பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அதைத்தான் அவள் ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"உன்னைய வச்சுக்கிடலாம்னு பாத்தேன். அவ வந்துட்டா, நீ இங்க எதுக்கு வருவே?"

 அக்காவின் கடைவாயிலிருந்து ரத்தம் வழிந்து மோவாய்க்கு வந்தது. துடைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு அவளே முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டினாள்.

"நம்பரப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக வராந்தா தெரியும், பேச்சு கேட்காது. முதலில் ரொம்ப நேரம் அவள் வாய் அசையவே இல்லை. பிறகு தூணில் சாய்ந்துகொண்டாள். பிறகு பேசினாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் ஒரு தடவை, ஆறு வருடமாக நான் பார்க்காத மாதிரி, பல் போன பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தையிடம் போனைக் கொடுத்திருப்பார்கள். காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எந்த வேலையும் செய்யவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லூர்தம்மாள் இரண்டு தடவை வெளியே போய் அவள் கையில் புதுத் துணி கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டையும் அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஐம்பது நிமிடம் கழித்து உள்ளே வந்தாள். போனை மேசை மேல் வைத்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாளைக்கே ஓசூரிலிருந்து கிளம்பி வருகிறார்கள், நாசரேத்துக்கு. அதை என்னிடம் சொல்லவில்லை, லூர்தம்மாளிடம் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். நெஞ்சு வலிக்க வலிக்கச் சந்தோஷப்பட்டேன். அக்கா, லூர்தம்மாள் கொடுத்த துணியைக் கடித்துக்கொண்டு வாசல் வரை போனாள். அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தாள். துணியை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தையல் பிரிக்க எப்ப வரணும்?"

"தையலே போடலக்கா."

"அது எனக்குத் தெரியாதாட்டி? எப்ப வரணும்னு கேட்டேன்."

"சனிக்கிழமை" என்றேன்.